பதினோராம் வகுப்பில் உண்மையான வானியல் தரவுகள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
பதிந்தவர்: இயற்பியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். முதல் பாடத்திலேயே இடமாறு தோற்ற முறை (நாம் பார்க்கும் இடம் மாறும்போது பொருள் நகர்வதாகத் தெரியும் கோணத்தைக் கொண்டு தொலைவு காண்பது), வானியல் அலகு (சூரியனுக்கும் புவிக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவு), விண்ணியல் ஆரம் (பார்செக்) எல்லாம் வந்துவிடுகின்றன. மாணவர்களோ அவற்றைத் தேர்வுக்குரிய வாய்பாடுகளாக மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஒரு விண்மீனின் தொலைவை யாரோ உண்மையிலேயே அளந்திருக்கிறார்கள், அந்த அளவீடு இன்று எவரும் திறந்து பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது என்பது அவர்கள் மனத்தில் பதியவே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சென்ற பருவத்தில் கணினி ஆய்வகத்தில் ஒரு முயற்சி செய்தேன். வான்படங்களைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து, விருப்பம்போல் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். முதல் பத்து நிமிடம் ஆய்வகமே ஆரவாரமாக இருந்தது. பிறகு ஒரு மாணவி, "அடுத்து என்ன மிஸ் செய்யணும்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. போதாக்குறைக்கு, இருபது கணினிகளிலும் ஒரே நேரத்தில் படங்கள் இறங்கத் தொடங்கியதும் இணையம் நின்றுபோயிற்று.

நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை ஒன்றில், இணையத்தை அதிகம் நம்பாமல், மாணவர்கள் தாமே அளந்து ஒரு விடைக்கு வரும்படியான பயிற்சி ஏதேனும் உண்டா? கலைச்சொற்களைத் தமிழில் எப்படிக் கையாள்வது? ஜனவரியில் எங்கள் ஊர் நூலகத்தில் பொதுமக்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தவும் கேட்டிருக்கிறார்கள். அங்கே இவற்றுள் எதைக் காட்டலாம் என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1
பதிந்தவர்: வானியல் தரவகம் ஒன்றில் பணியாற்றுபவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்ட கேள்வியை நாங்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2001ஆம் ஆண்டு ஸ்லோன் வான் அளவாய்வின் முதல் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஸ்கைசர்வர் தளத்தைக் கணினி அறிவியலாளர் ஜிம் கிரேயும் வானியலாளர் அலெக்ஸ் சாலேயும் அமைத்தபோதே, பள்ளி மாணவர்களுக்கான பயிற்சிகளையும் அதனுள் சேர்த்திருந்தார்கள். ஆய்வாளர் பயன்படுத்தும் அதே தரவுத்தளத்தை மாணவரும் வினவலாம் என்பது அக்காலத்தில் துணிச்சலான எண்ணம். ஆனால் தரவைத் திறந்து வைப்பது வேறு, அதனோடு ஒரு வகுப்பை நடத்துவது வேறு. கருவியைக் காட்டி வகுப்பைத் தொடங்கினால் வியப்பு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்; கேள்வியைச் சொல்லித் தொடங்கி, அதற்கு விடை காணவே கருவியைத் திறந்தால், பாடவேளை போதாமல் போகும். என் அனுபவத்தில் இதுவரை தவறாத வழி இது ஒன்றுதான்.

முதல் கேள்வியாக, "விண்மீன்கள் உண்மையிலேயே நிலையானவையா?" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விடை காணப் பர்னார்டு விண்மீன் ஒன்றே போதும். எட்வர்டு எமர்சன் பர்னார்டு 1916இல் இதன் வேகமான நகர்வைக் கண்டறிந்தார். வேறெந்த விண்மீனும் வானில் இவ்வளவு வேகமாக இடம்பெயர்வதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 10.4 விகலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). அதாவது, முழுநிலவின் அகலத்தைக் கடக்க இதற்கு ஏறக்குறைய 175 ஆண்டுகள் ஆகும்.

கலிபோர்னியாவின் பாலோமர் மலையிலுள்ள 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு, அங்கிருந்து தெரியும் வானம் முழுவதையும் 1950களில் ஒருமுறையும், 1980களிலும் 90களிலும் மறுமுறையும் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தார்கள். அத்தகடுகள் எண்ணிம வடிவாக்கப்பட்டு, எண்ணிம வான் அளவாய்வு என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹப்பிள் தொலைநோக்கியின் அறிவியல் நிறுவனத்து இணையதளத்தில் விண்மீனின் பெயரைத் தட்டச்சு செய்து, முதல் அளவாய்வின் சிவப்புத் தகட்டிலிருந்து ஒன்றும் இரண்டாம் அளவாய்வின் சிவப்புத் தகட்டிலிருந்து ஒன்றுமாக இரண்டு படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் அகலத்தை 25 கலையாக வையுங்கள். 15 கலை அளவுக்குக் குறைத்தால் பழைய படத்தில் விண்மீன் சட்டத்துக்கு வெளியே போய்விடும், ஏனெனில் தளம் படத்தின் நடுப்புள்ளியாக எடுத்துக்கொள்வது 2000ஆம் ஆண்டுக்குரிய நிலையை. இதை அறியாமல் நானே ஒருமுறை ஒரு முழுப் பாடவேளையை வீணாக்கியிருக்கிறேன்.

இறக்கிய இரண்டு படங்களையும் ஒரே அளவில் தாளில் அச்சிட்டு, குழுவுக்கு ஓர் இணை வீதம் கொடுங்கள். வகுப்பில் இணையமே வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எல்லா விண்மீன்களும் பொருந்தும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஏறத்தாழ நேர்வடக்காக, படத்தில் கீழிருந்து மேலாக நகர்ந்திருக்கும். அளவுகோலால் நகர்வை மில்லிமீட்டரில் அளந்து, படத்தின் அகலம் 25 கலை என்பதைக் கொண்டு விகலையாக மாற்றி, இரண்டு படங்களுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளால் வகுக்க வேண்டும். படம் எடுத்த நாள், வானியல் தரவுகளுக்கென்றே உள்ள ஃபிட்ஸ் வடிவக் கோப்பின் தலைப்புக் குறிப்பில் இருக்கும். சாதாரணப் படக் கோப்பில் அது இருக்காது என்பதால் இரண்டு வடிவங்களிலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் பிறகுதான் உங்கள் முதல் பாடம் உயிர்பெறுகிறது. இவ்விண்மீனின் இடமாறு தோற்றம் 0.547 விகலை. 1ஐ அதனால் வகுத்தால் தொலைவு 1.83 விண்ணியல் ஆரம், அதாவது ஏறத்தாழ 6 ஒளியாண்டு. ஒரு விண்ணியல் ஆரத் தொலைவில் ஒரு விகலை என்பது ஒரு வானியல் அலகு. ஆகவே 10.4ஐ 1.83ஆல் பெருக்கினால், பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே இவ்விண்மீன் ஆண்டுக்கு 19 வானியல் அலகு ஓடுகிறது என்று வரும். சூரியனிலிருந்து யுரேனஸ் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தத் தொலைவை ஓராண்டில் கடக்கும் பொருளை, "நிலையான விண்மீன்" என்று நம் முன்னோர் அழைத்ததில் வியப்பில்லை, அதைக் கண்டறிய நாற்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு தகடுகள் வேண்டும் என்று மாணவர்களே சொல்லக் கேட்பீர்கள். விண்ணியல் ஆரம் எதற்காக அப்படி வரையறுக்கப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் வழி எனக்குத் தெரியாது.

கணினியில் காட்ட விரும்பினால், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையம் வழங்கும் அலாடின் லைட் உலாவியிலேயே இயங்கும், நிறுவ எதுவுமில்லை. ஆனால் உங்கள் கணினி ஒன்றில் மட்டும் திறந்து, திரையில் காட்டுங்கள்.

மறுமொழி 2
பதிந்தவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர் வானியல் மன்ற உறுப்பினர்

அம்மா, வணக்கம். தாளில் அச்சிட்டுக் கொடுங்கள் என்று மேலே நண்பர் சொன்னதை நான் முழுமனத்தோடு வழிமொழிகிறேன். கணினித் திரையில் மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள், ஒருவர் மட்டுமே வேலை செய்வார். தாளும் அளவுகோலும் கையில் இருந்தால் நால்வரும் அளப்பார்கள்.

நம் பக்கத்திலேயே இருக்கும் ஒரு புதையலைச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1904ஆம் ஆண்டு முதல் அங்கே சூரியனை நாள்தோறும் ஒளிப்படத் தகடுகளில் பதிந்து வந்தார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்துதான் கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட அத்தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்ணிம வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. பேத்தியின் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனபோது, என் தந்தையார் பிறந்த வாரத்துச் சூரியனை அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் தாத்தா, பாட்டி பிறந்த நாளைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். தரவு என்பது யாரோ எங்கோ சேர்த்து வைத்தது என்ற அந்நியம் அன்றைக்கே போய்விட்டது.

பயிற்சி எளிது. புள்ளிகள் நிறைந்த ஆண்டு ஒன்றில், அடுத்தடுத்த ஏழெட்டு நாள் படங்களை எடுத்து, ஒரே புள்ளி நாளுக்கு நாள் எவ்வளவு நகர்கிறது என்று வட்டத்தின்மேல் குறிக்கச் சொல்லுங்கள். சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 27 நாள் ஆவதாக விடை வரும். நூலில் 25 என்று இருக்கிறதே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நாம் நிற்கும் புவியும் அதே திசையில் சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டிருப்பதால் புள்ளி மீண்டும் நம் எதிரே வர இரண்டு நாள் கூடுதலாகிறது. இந்தக் கேள்வி மாணவரிடமிருந்து எழும்வரை பொறுத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

நூலக நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, முதலில் எல்லாரையும் மாடிக்கோ முற்றத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஜனவரி மாலையில் கார்த்திகைக் கூட்டம் உயரத்தில் நிற்கும்; கிழக்கே திருவாதிரை சிவப்பாக ஒளிரும். பெயர் எல்லாருக்கும் தெரியும், வானில் காட்டச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்த பிறகு உள்ளே வந்து திரையைப் போடுங்கள். கையா விண்கலம் அளந்த இடமாறு தோற்றத்தின்படி கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 444 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதற்கு முன் ஹிப்பார்கோஸ் விண்கலம் தந்த விடை அதைவிட அறுபது ஒளியாண்டு குறைவு. எது சரி என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. நம் பஞ்சாங்கத்து நட்சத்திரம் ஒன்றைப் பற்றி அறிஞர்கள் இவ்வளவு காலம் வாதிட்டார்கள் என்று சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

திருவாதிரைக்கும் ஒரு கதை உண்டு. 2020 பிப்ரவரியில் அது ஏறத்தாழ 1.6 ஒளித்தரத்துக்கு மங்கியது, பொதுவாக 0.5ஐ ஒட்டியிருக்கும் (ஒளித்தர எண் கூடினால் ஒளி குறைவு). 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தின் தளத்தில் அதன் பெயரை இட்டால், ஆர்வலர்கள் கண்ணாலும் கருவியாலும் மதிப்பிட்ட புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பள்ளத்தாக்கைப்போல் திரையில் விழும். அதே தளத்தில் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனையும் தேடிக் காட்டுங்கள். 1867இல் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டறிந்தது அது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்று இந்திய மொழிகள் சிலவற்றில் சிறுநூல் வெளியிட்டவரும் அவரே. நீங்கள் நூலகத்தில் செய்யப்போகும் வேலையை அவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்.

மறுமொழி 3
பதிந்தவர்: அறிவியல் மொழிபெயர்ப்பாளர்

கலைச்சொல் பற்றி மட்டும் சில வார்த்தைகள். மேலே இருவரும் கலை, விகலை என்று எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். பாகையை அறுபதாகப் பகுத்தால் கலை, கலையை அறுபதாகப் பகுத்தால் விகலை என்பது பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இன்றும் புழங்கும் வழக்கு. புதிதாகச் சொல் படைக்க வேண்டிய தேவையே இல்லை. பாடநூலில் இருக்கும் சொற்களை, உங்களுக்கு நிறைவளிக்காவிட்டாலும், வகுப்பில் மாற்றாதீர்கள். தேர்வு எழுதப்போகிறவர்கள் அவர்கள்.

என் கவலை வேறு. இத்தளங்களின் பொத்தான்களும் பட்டியல்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றை முழுவதும் மொழிபெயர்க்கக் காத்திருந்தால் காலம் போய்விடும். ஒரு பயிற்சிக்குத் தேவைப்படும் பொத்தான்கள் பெரும்பாலும் ஐந்தாறுதான். அவை தெரியும் திரையைப் படமாக எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன செய்யும் என்று தமிழில் ஒரே வரி எழுதி, அரைப்பக்கத் தாளாகக் கொடுத்தால் போதும். அழுத்தினால் என்ன நிகழும் என்பதை எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதாதீர்கள். தளத்தின் வடிவம் மாறும்போது தாளையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், யார் எழுதினாலும் இங்கே பகிர்ந்தால் மற்றவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

பொதுமக்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள்: "இந்த நிறம் உண்மையா?" தொலைநோக்கியின் உணரி ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் வெளிச்சத்தின் அளவை மட்டும் எண்களாகப் பதிகிறது, அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒதுக்கிச் சேர்ப்பவர்கள் மனிதர்கள். அகச்சிவப்புப் படத்தில் கண்ணுக்கே தெரியாத ஒளிக்கு நிறம் கொடுத்திருப்பார்கள். இதை மறைக்காமல் சொல்லிவிட்டால் படத்தின்மேலுள்ள நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வியாழக்கிழமை பர்னார்டு விண்மீன் பயிற்சியை நடத்தினேன். பதினாறு தாள்கள் அச்சிட்டு, எட்டுக் குழுக்களாகப் பிரித்தேன். இணையம் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தாள்களை ஜன்னலில் ஒட்டிப் பார்த்த முதல் குழு, "ஓடியிருக்கு மிஸ்!" என்று கத்தியபோது பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஆறு குழுக்களின் விடை 9.8க்கும் 11க்கும் இடையில் வந்தது. ஒரு குழு வேறு விண்மீனைத் தேர்ந்தெடுத்துச் சுழியம் என்று விடை எழுதியது. அதுவும் சரியான அளவீடுதான் என்று சொல்லி, மற்ற விண்மீன்கள் ஏன் நகரவில்லை என்று அவர்களையே வகுப்புக்கு விளக்கச் சொன்னேன். எட்டாவது குழுவுக்கு 8ஐ ஒட்டிய விடை வந்தது. காரணத்தைத் தேடியபோது, கோப்பின் தலைப்புக் குறிப்பில் ஆய அச்சுகளுக்குரிய 2000 என்ற ஆண்டைப் படம் எடுத்த ஆண்டாக எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. இனி அச்சிட்ட தாளிலேயே படம் எடுத்த நாளை எழுதிவிடலாமா, அல்லது அவர்களே தேடட்டும் என்று விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் நான்கு மாணவர்கள் வந்து, "இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த விடைதானே, நாங்களே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

மறுமொழி 4
பதிந்தவர்: வானியல் தரவகம் ஒன்றில் பணியாற்றுபவர்

படம் எடுத்த நாளை மாணவர்களே தேடட்டும், ஆசிரியர் அவர்களே. எட்டாவது குழு செய்த தவற்றை முதலாண்டு ஆய்வு மாணவர்களும் செய்கிறார்கள்.

அந்த நால்வருக்குக் கேலக்ஸி சூ திட்டத்தைக் காட்டுங்கள். 2007 ஜூலையில், ஸ்லோன் அளவாய்வு படம்பிடித்த ஏறத்தாழ 9 லட்சம் விண்மீன் திரள்களைச் சுருள் வடிவமா, நீள்வட்ட வடிவமா என்று பிரித்துத் தரும்படி பொதுமக்களைக் கேட்டு அது தொடங்கப்பட்டது. முதலாண்டிலேயே ஒன்றரை லட்சம் பேர் 5 கோடிக்கு மேற்பட்ட வகைப்பாடுகளைச் செய்தார்கள். நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஐசி 2497 என்ற திரளுக்கு அருகே இருந்த புரியாத நீலநிறத் திட்டு என்னவென்று கேட்டார். வானியலாளருக்கும் அப்போது தெரியவில்லை. திரளின் மையத்தில் முன்பு பேரொளியுடன் எரிந்து பின்னர் அடங்கிவிட்ட மூலத்தின் ஒளி, பக்கத்திலிருந்த வாயுவை ஒளிரச் செய்திருக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. அவர் செய்ததெல்லாம், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிக் கேட்டதுதான்.

அதே திட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. சுருள்கள் எத்திசையில் சுழல்கின்றன என்று கணக்கிட்டபோது, இடஞ்சுழியாகத் தோன்றுபவை சற்று மிகுதியாக வந்தன. அண்டத்துக்கே ஒரு திசை விருப்பம் உண்டோ என்ற ஐயம் எழுந்தது. படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மீண்டும் மக்களிடம் கொடுத்தார்கள். அப்போதும் இடஞ்சுழியே மிகுந்தது. சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்று உறுதியாயிற்று. இச்சோதனையை உங்கள் வகுப்பிலேயே ஐம்பது படங்களைக் கொண்டு செய்து பார்க்கலாம்.

அடுத்த பருவத்துக்கு, விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறிய எச்சமான நண்டு நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் படத்தையும் அண்மைக்காலப் படத்தையும் ஒப்பிட்டு, மையத்திலுள்ள துடிவிண்மீனிலிருந்து (வெடிப்பில் எஞ்சி, வேகமாகச் சுழலும் விண்மீன்) ஒளியிழைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டால் வெடிப்பு நிகழ்ந்த ஆண்டு கிடைக்கும். நகர்வு பத்து விகலை அளவே இருக்கும் என்பதால் மாணவர்களின் விடைகள் நன்றாகச் சிதறும். அவற்றின் சராசரியைக் காணச் சொல்லுங்கள். கவனமாக அளந்த வானியலாளர்களுக்கே 1140ஐ ஒட்டித்தான் விடை வந்தது. ஆனால் சீன வானியலாளர்கள் அந்த வெடிப்பைப் புதிய விண்மீனாகக் கண்டு குறித்து வைத்தது 1054 ஜூலையில். இந்த எண்பத்தைந்து ஆண்டு வேறுபாட்டை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். இழைகள் சீரான வேகத்தில் விலகின என்று நாம் வைத்துக்கொண்டதுதான் தவறு. துடிவிண்மீன் வெளியிடும் ஆற்றல் அவற்றைத் தொடர்ந்து உந்தி முடுக்கியிருக்கிறது. பதினோராம் வகுப்பின் இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டே இதை விவாதிக்கலாம். இரண்டு படங்களையும் அச்சிடும் அளவுக்குச் சுருக்கி, படம் எடுத்த நாளைக் குறிப்பிடாமல், அவற்றின் ஃபிட்ஸ் கோப்புகளோடு வரும் ஞாயிறு இந்த இழையிலேயே இணைக்கிறேன்.